பந்தியில் புரூட் சாலட் – ஒரு வேதியியல் நோக்கு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

முன்னுரை

வேதியியல் என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது பியூரெட்டும், பிப்பெட்டும், மூக்கைத் துளைக்கும் அமில நெடியும்தான். ஆனால் நம் வீட்டு அடுப்பங்கரையும் ஓர் ஆய்வுக்கூடமே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அங்கே நாள்தோறும் வெப்பம் ஏற்றப்படுகிறது, கரைசல்கள் தயாராகின்றன, வீழ்படிவுகள் உண்டாகின்றன, நொதிகள் வேலை செய்கின்றன. பதிவேட்டில் எழுதி மதிப்பெண் போடுவோர் இல்லை, அவ்வளவே.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "நீ படிக்கிற படிப்பு வீட்டுக்கு எதுக்கு ஆகும்?" என்று உறவினர்கள் கேட்பதுண்டு. ஏளனமாகக் கேட்பவரும் உண்டு. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்பவரும் உண்டு. இரு சாராருக்கும் பதிலாக, விசேஷ வீடுகளில் நாம் விரும்பி உண்ணும் புரூட் சாலட் என்னும் ஒரு பண்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனுள் அடங்கியுள்ள வேதியியலை இக்கட்டுரையில் காண்போம்.

இருவகைப் பழக்கலவைகள்

பழங்களைக் கலந்து உண்பது நமக்குப் புதிதன்று. பழனிப் பஞ்சாமிர்தத்தை அறியாதார் யார்? மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், பேரீச்சம்பழம், கற்கண்டு, ஏலக்காய் ஆகியவை சேர்ந்த அக்கலவையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்ப்பதில்லை. 2019-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அது பல நாட்கள் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள மிகுதியான சர்க்கரை. நுண்ணுயிர்கள் வளர நீர் தேவை. பழத்திலுள்ள நீரைச் சர்க்கரை தன்னிடம் பிணைத்து வைத்துக்கொள்வதால், நீர் இருந்தும் அவற்றுக்குப் பயன்படுவதில்லை.

பால் ஊற்றிச் செய்யும் புரூட் சாலட் வேறு வகை. அதன் பின்னணியில் உள்ள கஸ்டர்டு பவுடர் இங்கிலாந்தில் பிறந்தது. பாலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய கஸ்டர்டு அங்கே பழங்காலத்து இனிப்பு. பர்மிங்காம் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்பிரட் பேர்டு என்பவரின் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. மனைவியும் கஸ்டர்டு உண்ண வேண்டும் என்பதற்காக, முட்டைக்குப் பதில் சோள மாவைக் கொண்டு 1837-இல் அவர் ஒரு பொடியைத் தயாரித்தார். இன்றும் நாம் வாங்கும் பொடியில் இருப்பது பெரும்பாலும் சோள மாவும், மஞ்சள் நிறமும், வெனிலா மணமும்தான். எனவே சைவ உணவினரும் தயக்கமின்றி உண்ணலாம். அந்த மணத்துக்குக் காரணமான வெனிலின் என்னும் சேர்மத்தை 1874-இல் டீமன், ஹார்மன் என்னும் ஜெர்மானிய வேதியியலார் முதன்முதலில் செயற்கையாகத் தயாரித்தனர்.

பஞ்சாமிர்தத்தில் சர்க்கரை காவல் இருக்கிறது. புரூட் சாலட்டிலோ பாலும் நீரும் மாவும் சர்க்கரையும் நுண்ணுயிர்களுக்கு விருந்தாகத் திறந்து கிடக்கின்றன. இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் கொண்டால், பின்னர் வரும் எச்சரிக்கைகள் எளிதில் விளங்கும்.

பால் குழைவது எப்படி?

சோள மாவில் உள்ள ஒவ்வொரு துகளும் இறுகச் சுருட்டிய நூல் உருண்டை போன்றது. அமைலோஸ், அமைலோபெக்டின் என்னும் இருவகை நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் அதனுள் உள்ளன. குளிர்ந்த நீரில் இத்துகள்கள் கரையா. மிதந்து பின் அடியில் தங்கும். ஏறத்தாழ 62 முதல் 72 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறும்போது அவை நீரை உறிஞ்சி உப்பத் தொடங்குகின்றன. மேலும் சூடேறினால் அமைலோஸ் வெளியே கசிந்து, பால் முழுவதும் வலைபோலப் பரவுகிறது. பால் 'கூழாவது' இதனால்தான்.

இதிலிருந்து மூன்று நடைமுறை விதிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, பொடியைக் கொதிக்கும் பாலில் நேரே கொட்டக்கூடாது. கொட்டினால் மாவுக் குவியலின் வெளிப்புறம் உடனே வெந்து பசையாகி, உள்ளே நீர் புகாமல் அடைத்துவிடும். நாம் 'கட்டி தட்டிவிட்டது' என்பது இதைத்தான். அரைத் தம்ளர் ஆறிய பாலில் முதலில் கரைத்துக்கொண்டு, பிறகு ஊற்றிக் கிளற வேண்டும்.

இரண்டாவது, கெட்டியானவுடன் இறக்கிவிடக்கூடாது. மேலும் 2 அல்லது 3 நிமிடம் சிறு தீயில் வைத்துக் கிளறினால்தான் பச்சை மாவு வாடை போகும்.

மூன்றாவது, ஆறி இறுகிய பின் வேகமாகக் கடையக்கூடாது. கடைந்தால் அந்த வலை அறுந்து, கலவை நீர்த்துவிடும்.

மறுநாள் பார்த்தால் கலவையின் மேல் நீர் பிரிந்து நிற்பதைக் காணலாம். பிரிந்திருந்த அமைலோஸ் சங்கிலிகள் மீண்டும் நெருங்கி ஒட்டிக்கொண்டு நீரை வெளியே பிழிந்துவிடுகின்றன.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். ருசி பார்த்த எச்சில் கரண்டியைப் பாத்திரத்தில் இடக்கூடாது என்று பாட்டிமார் சொல்வர். அதை வெறும் ஆசாரம் என்று எண்ணியிருந்தேன். உமிழ்நீரில் அமைலேஸ் என்னும் நொதி உண்டு. அது மாவுப்பொருளைச் சிறு சர்க்கரைகளாக வெட்டும். அந்தக் கரண்டி ஆறிய கஸ்டர்டை இளக்குவதோடு, வாயிலுள்ள நுண்ணுயிர்களையும் அதனுள் விதைக்கும். பாட்டியின் சொல்லுக்கு ஆய்வுக்கூடத்தில் ஆதாரம் கிடைக்கிறது.

பழங்களைத் தேர்ந்தெடுத்தல்

என் தந்தை பழ மண்டியில் சுமை தூக்குபவர். தாரை முகர்ந்து பார்த்தே அது நாளை பழுக்குமா, மறுநாள் பழுக்குமா என்று சொல்லிவிடுவார். பழுக்கும் பழம் எதிலீன் என்னும் வாயுவை வெளியிடுகிறது என்று வகுப்பில் படித்ததை அவரிடம் சொன்னேன். "அதான் ஒரு பழுத்த பழத்தைக் காய்க்கு நடுவுல வைக்கிறோம்" என்றார். வாழைத்தாருக்குப் புகை போட்டுப் பழுக்க வைப்பதும் அதே தத்துவமே. புகையில் சிறிதளவு எதிலீன் உண்டு.

கால்சியம் கார்பைடு கல் வேறு. அது ஈரத்துடன் சேர்ந்து அசெட்டிலீன் வாயுவைத் தருகிறது, தோல் மஞ்சளாகும். ஆனால் அந்தக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் நச்சுச் சேர்மங்கள் மாசாகக் கலந்திருக்கக்கூடும். எனவே 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி அதைக்கொண்டு பழுக்க வைத்த பழத்தை விற்பது தடை செய்யப்பட்டுள்ளது. கட்டுப்படுத்திய அளவில் எதிலீன் வாயுவைப் பயன்படுத்த மட்டும் அனுமதி உண்டு. தோல் ஒரே சீராக மஞ்சளாயிருந்தும் மணம் இல்லாத மாம்பழத்தைத் தவிர்ப்பது நன்று.

வாழையில் மலைப்பழமும் ரஸ்தாளியும் புரூட் சாலட்டுக்கு ஏற்றவை. மிகக் கனிந்தது கூழாகிவிடும். சப்போட்டா, மாம்பழம், பப்பாளி ஆகியவை இனிப்பும் குழைவும் தரும். ஆப்பிளும் மாதுளை முத்துகளும் கடிபடும். திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி ஆகியவை புளிப்புத் தரும். இம்மூன்று இனமும் கலந்தால்தான் சுவை முழுமை பெறும்.

வெட்டிய ஆப்பிள் ஏன் கறுக்கிறது?

ஆப்பிள், வாழை முதலியவற்றை நறுக்கும்போது செல்கள் அறுபடுகின்றன. அதுவரை தனித்தனியே இருந்த பீனால் சேர்மங்களும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்னும் தாமிரம் கொண்ட நொதியும் ஒன்று சேர்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் துணை செய்ய, குயினோன்கள் உண்டாகி, அவை இணைந்து பழுப்பு நிறமாகின்றன.

இதைத் தடுக்க எலுமிச்சைச் சாறு போதும். அதன் அமிலத்தன்மை நொதியை மந்தமாக்குகிறது. அதிலுள்ள வைட்டமின் சி, உண்டான குயினோனை மீண்டும் பழைய நிலைக்கே ஒடுக்குகிறது. நறுக்கிய ஆப்பிள் துண்டுகளுக்கு ஒரு தேக்கரண்டிச் சாறு பிசறினால் போதுமானது. மிகுந்தால் பால் திரியும்.

பால் திரிவதும் பழி சேர்வதும்

நான் இக்கட்டுரை எழுதக் காரணமே இப்பகுதிதான்.

பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு கேசின். நல்ல பாலின் பி.எச். அளவு 6.6 அல்லது 6.7. அது 4.6 அளவுக்கு இறங்கினால் கேசின் துகள்கள் மின்சுமை இழந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரிந்துவிடும். தயிர் உறைவதும், எலுமிச்சை பிழிந்து பாலைத் திரிப்பதும் இவ்வகையே. திரிவதற்கு இன்னொரு வழியும் உண்டு. பச்சை அன்னாசியில் புரோமெலின் என்னும் நொதி இருக்கிறது. அது புரதத்தையே வெட்டும். அமிலம் குறைவாக இருந்தாலும் பாலைத் திரிக்கும். வெட்டுண்ட புரதத் துணுக்குகள் கசக்கவும் செய்யும்.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் வீட்டுக் காதுகுத்து விழாவில் என் அத்தைதான் புரூட் சாலட் செய்தார். கைப்பக்குவத்துக்குப் பெயர் பெற்றவர். இளம் வயதில் கணவரை இழந்தவர். அன்று பந்தி போடும் வேளையில் பார்த்தால் பால் திரிந்து, நீர்த்து, கசந்து கிடந்தது. "அவ கை பட்டா பால் திரியாம என்ன செய்யும்?" என்று பெரியவர் ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். மறுத்துப் பேச ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதன்பின் அத்தை எந்த விசேஷ வீட்டிலும் அடுப்பருகே போகவில்லை. அழைத்தாலும், "எனக்கு எதுக்குத் தாயி, ஓரமா உட்கார்ந்துக்கிறேன்" என்றுவிடுவார்.

இரண்டாம் ஆண்டில் நொதிகளைப் பற்றிய பாடம் நடந்தபோது எனக்கு அந்தப் பாத்திரம் நினைவுக்கு வந்தது. கஸ்டர்டு இளஞ்சூடாக இருக்கும்போதே அதில் பச்சை அன்னாசியைப் போட்டு, பகல் முழுவதும் வைத்திருந்தார்கள். அன்று விடுமுறையில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். மூன்று தம்ளர்களில் 100 மில்லி இளஞ்சூடான பால் எடுத்துக்கொண்டேன். முதல் தம்ளரில் இரண்டு தேக்கரண்டி பச்சை அன்னாசிச் சாறு. இரண்டாவதில் அதே சாற்றை நன்கு கொதிக்க வைத்து ஆறவிட்டு அதே அளவு. மூன்றாவதில் ஒன்றும் இல்லை. அரைமணி நேரத்தில் முதல் தம்ளர் திரிந்தது, கசந்தது. இரண்டாவது திரியவில்லை. மூன்றாவது அப்படியே இருந்தது.

சாற்றைக் கொதிக்க வைத்ததால் அமிலம் போய்விடவில்லை, நொதிதான் செயலிழந்தது. ஆகவே இந்த அளவில் பாலைத் திரித்தது அமிலம் அன்று, நொதியே என்பது தெளிவாகிறது.

மூன்று தம்ளர்களையும் அத்தையிடம் காட்டி, அவரையே ருசி பார்க்கச் சொன்னேன். முதல் தம்ளரைச் சுவைத்ததும், "இதே கசப்புத்தான்" என்றார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப அன்னாசியை வேக வச்சுப் போட்டிருந்தா?" என்று கேட்டார். "திரிஞ்சிருக்காது அத்தை" என்றேன். அடுத்து வந்த என் சித்தப்பா மகள் நிச்சயதார்த்தத்துக்கு 2 லிட்டர் பாலில் அவரே செய்தார். அன்னாசியைச் சர்க்கரையில் வேக வைத்தது அவர்தான். பக்கத்தில் நின்று பழம் நறுக்கியது நான். அந்தப் பெரியவரும் பந்தியில் இருந்தார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

காரணம் தெரியாத இடத்தில் பழி யார்மேலாவது போய் விழுகிறது. அதுவும் திருப்பிப் பேச இயலாதவர்மேல்தான் விழுகிறது. காரணத்தைக் காட்டினால் பழி நீங்குகிறது. வேதியியல் படித்ததால் நான் பெற்ற முதல் ஊதியம் இது என்று கருதுகிறேன்.

செய்முறை: 25 பேருக்கு

தேவையானவை: பால் 2 லிட்டர்; கஸ்டர்டு பவுடர் 8 மேசைக்கரண்டி; சர்க்கரை 300 கிராம்; வாழைப்பழம் 8; ஆப்பிள் 2; சப்போட்டா 6; மாம்பழம் 2; விதையில்லாத் திராட்சை கால் கிலோ; மாதுளை 2; அன்னாசி பாதி.

அன்னாசியைச் சிறு துண்டுகளாக்கி, 3 மேசைக்கரண்டி சர்க்கரை தூவி அரைமணி நேரம் வைக்கவும். சவ்வூடு பரவலால் சாறு தானே வெளிவரும். சவ்வூடு பரவல் அழுத்தத்தின் விதிகளை வகுத்தவர்களில் ஒருவரான வான்ட் ஹாஃப் என்பவருக்குத்தான் 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது என்பது நாம் பாடத்தில் படித்ததே. வெளிவந்த சாற்றிலேயே துண்டுகளைக் கொதிக்கவிட்டு 10 நிமிடம் வேக வைத்து ஆறவிடவும்.

பாலில் அரைத் தம்ளரை முதலிலேயே எடுத்து வைத்து அதில் பொடியைக் கரைக்கவும். மீதிப் பாலைச் சிறு தீயில் காய்ச்சி, ஓரத்தில் படியும் ஆடையைப் பாலிலேயே வழித்துவிட்டுக்கொண்டே இருந்தால், தனியாகக் கிரீம் வாங்கத் தேவையில்லை. டோன்டு பாலில் 3 விழுக்காடும், நிறைகொழுப்புப் பாலில் 6 விழுக்காடும் கொழுப்பு உண்டு, வசதிக்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம். பால் சற்றுச் சுண்டியதும் மீதிச் சர்க்கரையைப் போட்டு, கரைத்த பொடியை ஊற்றிக் கைவிடாமல் கிளறி, கெட்டியானபின் 3 நிமிடம் வைத்து இறக்கவும். முழுதும் ஆறிய பின்பே பழங்களைச் சேர்க்க வேண்டும். சப்போட்டா, ஆப்பிள், மாம்பழம், மாதுளை முதலில். வேகவைத்த அன்னாசியும் திராட்சையும் பரிமாறுவதற்குச் சற்று முன். வாழைப்பழம் கடைசியில்.

குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில்

விசேஷ வீட்டுப் பெரிய பாத்திரம் குளிர்ப்பெட்டியில் நுழையாது. பல வீடுகளில் குளிர்ப்பெட்டியும் இல்லை. ஆனால் 5 டிகிரி முதல் 60 டிகிரி வரை உள்ள வெப்பநிலையில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். நம் ஊர்க் கோடை வெயில் நாளில் இத்தகைய பண்டத்தை வெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைப்பது தகாது. மற்ற நாட்களில் 2 மணி நேரம். பாசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியத்தின் வித்துகள் பால் கொதித்தாலும் சாவதில்லை, ஆறும்போது விழித்துக்கொள்கின்றன. எனவே விரைந்து ஆற வைப்பதே வழி.

எவ்வளவு பனிக்கட்டி வேண்டும் என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். முதலில் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, இரண்டு மூன்று முறை நீரை மாற்றி 35 டிகிரிக்குக் கொண்டுவருவோம். பிறகு 10 டிகிரிக்கு இறக்க வேண்டும். கலவையின் தன்வெப்பத்தை ஏறத்தாழ 0.9 எனக் கொண்டால், 1 கிலோவுக்கு 1000 × 0.9 × 25 = 22,500 கலோரி வெப்பத்தை அகற்ற வேண்டும். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரியும், உருகிய நீர் 10 டிகிரிக்கு ஏற 10 கலோரியும், ஆக 90 கலோரி எடுத்துக்கொள்ளும். 22,500-ஐ 90-ஆல் வகுக்க, 250 கிராம் வருகிறது. மேற்சொன்ன அளவில் கஸ்டர்டு மட்டும் ஏறத்தாழ 2 கிலோ. அதற்கு அரைக் கிலோ. பழங்களையும் காற்றிலிருந்து வரும் வெப்பத்தையும் சேர்த்து 2 கிலோ வாங்கினால் தாராளம். பனிக்கட்டியை வெளித்தொட்டியில்தான் போட வேண்டும், பண்டத்துக்குள் போடக்கூடாது. அது எந்த நீரில் உறைந்தது என்று நமக்குத் தெரியாதல்லவா?

மிஞ்சியதை மறுநாளைக்கு வைக்காமல் அன்றே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவது உடலுக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது.

முடிவுரை

ஒரு ஆப்பிளை ஒரு சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக நறுக்கினால் நூறு துண்டுகளுக்குக் குறையாது. இரண்டு ஆப்பிள் இருந்தால் 25 பேருக்கும் ஆளுக்கு 8 துண்டு கிடைக்கும். ஆப்பிளை முழுதாக வாங்கித் தின்னும் வசதி எல்லா வீட்டிலும் இல்லை. விலை மிகுந்த பழத்தையும் விலை குறைந்த பழத்தையும் ஒரே பாத்திரத்தில் கலந்து, பெரியவர் சிறியவர் என்று பாராமல் ஒரே அளவில் தரும் பண்டம் இது. நம் எளிய வீட்டு விசேஷங்களில் இது நிலைத்துவிட்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். வகுப்பில் கற்ற சமன்பாடுகளைத் தேர்வுத்தாளில் மட்டும் இறக்கி வைத்துவிடாமல், வீட்டு அடுப்பங்கரைக்கும் கொண்டுசெல்வோம். அம்மாவும் அத்தையும் பாட்டியும் கைப்பழக்கத்தால் அறிந்ததை நாம் காரணத்தோடு அறிந்து அவர்களிடமே திருப்பிச் சொல்வோம். அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியதும் இன்னும் ஏராளமாக இருக்கிறது. அடுத்த விசேஷத்தில் அன்னாசியை வேக வைத்தே போடுங்கள், பால் திரியாது.